இன்குபேட்டரா, அரசு நிதியா, மென்டரா, நண்பர் வட்டமா? சின்ன ஊர் ஸ்டார்ட்அப் முதலில் எதைப் பிடிப்பது

கோவில்பட்டியிலிருந்து ஒரு தங்கை போன மாதம் கூப்பிட்டாள். கல்லூரி முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கூடப் படித்த தோழியோடு சேர்ந்து, கடலை மிட்டாய் செய்யும் பட்டறைகளுக்காக ஒரு சின்ன மென்பொருள் எழுதியிருக்கிறாள். எத்தனை மூட்டை கடலை வந்தது, வெல்லம் எவ்வளவு இருப்பு, எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போனது, யாரிடம் எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். நான்கு பட்டறைகளில் ஓடுகிறது. ஒருவர் மட்டும் மாதம் 500 ரூபாய் தருகிறார். மற்ற மூவருக்கும் இலவசம்.

இப்போது அவளுக்கு நான்கு பக்கமிருந்தும் அழைப்பு. ஒரு கல்லூரி இன்குபேட்டர், அதாவது புதிய நிறுவனங்களை வளர்த்துவிடக் கல்லூரி நடத்தும் மையம், மேசையும் இணையமும் தருகிறேன் என்கிறது, பதிலுக்கு நிறுவனத்தில் 4 சதவீதப் பங்கு. சென்னையில் பெரிய ஐடி கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்ற உறவினர் ஒருவர் மென்டராக, அதாவது வழிகாட்டியாக, இருக்கிறேன் என்கிறார், அவருக்கு 5 சதவீதம். அப்பா, "அரசாங்க நிதிக்கு எழுதிப் போடு" என்கிறார். இவை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பேசும் ஏழெட்டுப் பேர் கொண்ட ஒரு நண்பர் வட்டமும் இருக்கிறது. "அண்ணே, எதுல போகட்டும்?" என்றாள்.

இதே கேள்வியைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு திண்டுக்கல்லில் கேட்டிருக்கிறேன், தென்காசியில் கேட்டிருக்கிறேன். பத்து நிமிடப் பேச்சில் முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன். செயலி, மென்பொருள், இணையச் சேவை என்று டிஜிட்டல் தொழில் தொடங்குகிறவர்களுக்குத்தான் இது. இயந்திரமோ மருத்துவக் கருவியோ செய்கிறவர்களின் கணக்கு வேறு. அதை இடையில் ஓரிடத்தில் சொல்கிறேன்.

## எதை வைத்து அளப்பது

எந்த உதவி வந்தாலும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதல் கேள்வி, இது என்னைக் காசு கொடுக்கும் வாடிக்கையாளரிடம் கொண்டுபோகுமா? சின்ன ஊரில் இருக்கும் டிஜிட்டல் நிறுவனத்துக்கு இதுதான் தலையான கேள்வி என்பது என் உறுதியான எண்ணம். மடிக்கணினியும் இணையமும் இருந்தால் பொருளைச் செய்துவிடலாம். விற்பதுதான் மலை ஏறுவது போல.

இரண்டாவது, பணம் வருமா, எப்போது வரும்? காகிதத்தில் வந்த பணத்துக்கும் வங்கிக் கணக்கில் ஏறிய பணத்துக்கும் நடுவில் பல மாதங்கள் இருக்கலாம்.

மூன்றாவது, பதிலுக்கு எவ்வளவு பங்கு போகிறது? நான்காவது, வாரத்தில் எத்தனை மணி நேரத்தை இது எடுத்துக்கொள்ளும்? இரண்டு பேர் மட்டும் இருக்கும் நிறுவனத்தில் நேரம்தான் மூலதனம். ஐந்தாவது, சரிவரவில்லை என்றால் மனக்கசப்பில்லாமல் விலகி வர முடியுமா?

பெயர், புகழ், செய்தித்தாளில் வரும் படம் ஆகியவற்றை நான் அளவுகோலில் சேர்க்கவில்லை. வந்தால் நல்லது, அவ்வளவுதான்.

## கல்லூரி இன்குபேட்டர்

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. கோவையில் பிஎஸ்ஜி-ஸ்டெப் 1998 முதல் நடக்கிறது. சென்னை ஐஐடியின் இன்குபேஷன் செல்லில் வளர்ந்தவைதான் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர் எனர்ஜியும், ராக்கெட் செய்யும் அக்னிகுல்லும். இந்த இரண்டு பெயர்களையும் சொல்லித்தான் பல இடங்களில் இன்குபேட்டரின் பெருமை பேசப்படுகிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், இரண்டுமே ஆய்வகமும் சோதனைக் கருவிகளும் பேராசிரியர்களின் துறை அறிவும் இல்லாமல் நடக்கவே முடியாத தொழில்கள். ஸ்கூட்டரின் பேட்டரியை வீட்டு மாடியில் சோதிக்க முடியாது. பொருளைக் கையால் செய்கிறவர்கள் தயங்காமல் நல்ல இன்குபேட்டரைத் தேடிப் போங்கள்.

கடலை மிட்டாய்ப் பட்டறைக்கு மென்பொருள் எழுதுகிறவருக்கு அந்த ஆய்வகத்தால் என்ன பயன்? அவருக்குக் கிடைப்பது வேறு. நிறுவனத்தைப் பதிவு செய்ய ஒரு முகவரி, இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்கள், மத்திய அரசின் விதைநிதிக்கு, அதாவது தொழிலின் தொடக்கத்தில் தரும் பணத்துக்கு, விண்ணப்பிக்க ஒரு வாசல். மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் நேரடியாக நிறுவனத்துக்கு வருவதில்லை, இன்குபேட்டர் வழியாகத்தான் வரும். இது சின்ன விஷயமில்லை.

மறைந்திருக்கும் செலவுக்கு வருவோம். முதலில் பங்கு. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமான 2019-ஆம் ஆண்டின் தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, கல்வி நிறுவனம் தன் ஆதரவுக்குப் பதிலாக 2 முதல் 9.5 சதவீதம்வரை பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த எண், கல்லூரியின் பெயர், ஆசிரியரின் பங்களிப்பு, காப்புரிமை, தரும் வசதி ஆகியவற்றைப் பொறுத்தது. பேராசிரியர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்தால் பங்கு கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. வெறும் மேசைக்கும் வைஃபைக்கும் பங்கு கேட்டால், "வாடகையாகக் கொடுத்துவிடுகிறேனே" என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கொள்கையிலேயே அதற்கும் இடம் இருக்கிறது. பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை.

அடுத்தது நேரம். நானே ஒரு கல்லூரி இன்குபேட்டரில் எட்டு மாதம் இருந்தேன். பெயர் வேண்டாம். ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் சர்வர் நின்றுபோனது. மறுநாள் முகூர்த்த நாள், வாடிக்கையாளர் ஜவுளிக்கடைக்காரர். எங்கள் கணினிகள் உள்ளே இருந்தன. ஆறு மணிக்கு மேல் உள்ளே விட துறைத் தலைவரின் கடிதம் வேண்டும் என்றார் வாட்ச்மேன். அவர் வேலை அது, அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஜவுளிக்கடைக்காரர் ஞாயிறு காலை கையால் பில் எழுதினார், அடுத்த மாதம் எங்களை நிறுத்திவிட்டார். அந்த எட்டு மாதத்தில் விருந்தினர்கள், ஆய்வுக் குழுவினர், பள்ளி மாணவர்கள் என்று 14 முறை டெமோ காட்டினேன். பார்த்தவர்களில் எங்கள் பொருளை வாங்கக்கூடியவர் ஒருவர்கூட இல்லை. தரவரிசைக்கும் அங்கீகாரத்துக்கும் எத்தனை ஸ்டார்ட்அப்கள் வளர்கின்றன என்று கல்லூரிகள் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் ஓர் எண்ணாக நாம் நின்றுவிடக் கூடாது.

சேரும் முன் ஒன்று செய்யுங்கள். ஏற்கெனவே அங்கே இருந்து வெளியேறிய இரண்டு நிறுவனங்களைத் தேடிப் பிடித்து, "உங்கள் முதல் மூன்று வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் இன்குபேட்டர் மூலம் வந்தார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இப்போது உள்ளே இருப்பவர்களைக் கேட்டால் தர்மசங்கடத்தில் சரியான பதில் வராது.

## அரசு வழி

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பத்து வருடத்துக்கு முன் மதுரைக்குத் தெற்கே ஒருவர் ஸ்டார்ட்அப் என்று சொன்னால் எங்கே போய் நிற்பது என்றே தெரியாது. இன்று தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு இருக்கிறது. சென்னையோடு நிற்காமல் மதுரை, திருநெல்வேலி, ஈரோடு என்று தொடங்கி வட்டார மையங்களைத் திறந்தார்கள். 2023-இல் மாநிலத்துக்கென்று புதிய ஸ்டார்ட்அப் கொள்கை வந்தது. திருநெல்வேலிக்கு பஸ் ஏறிப் போய் ஒரு அதிகாரியின் எதிரே உட்கார்ந்து சந்தேகம் கேட்க முடிகிறது என்பது எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிகிறது.

பணத்தில் முக்கியமானது மாநில அரசின் டான்சீட் விதைநிதி. பொதுவாக 10 லட்சம் ரூபாய்வரை, பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்கும் பசுமைத் தொழில்நுட்பம், கிராமப்புற வாழ்வாதாரம் சார்ந்தவற்றுக்கும் 15 லட்சம்வரை தருகிறார்கள். பதிலுக்கு அரசு 3 சதவீதப் பங்கு எடுத்துக்கொள்கிறது. பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கென்று தனி நிதி இருக்கிறது. 2022-23-இல் 30 கோடி ரூபாயில் தொடங்கி அடுத்த ஆண்டு 50 கோடியாக உயர்த்தினார்கள். தகுதி இருந்தும் இப்படி ஒன்று இருப்பதே தெரியாதவர்களை இன்னும் பார்க்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

மத்திய அரசின் சீட் ஃபண்ட் 2021-இல் 945 கோடி ரூபாயோடு நான்கு ஆண்டுத் திட்டமாக வந்தது. பொருளைச் செய்து பார்க்க 20 லட்சம்வரை மானியம், சந்தைக்குக் கொண்டுபோக 50 லட்சம்வரை கடனாகவோ பங்காக மாறும் கடன் பத்திரமாகவோ தருவது அதன் அமைப்பு. இதை நம்பித் திட்டம் போடும் முன் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று இன்குபேட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எழுதிப் போடு என்று அப்பாக்கள் சொல்லும்போது சொல்லாமல் விடுவது இனிமேல்தான் வருகிறது.

முதலில், நிறுவனம் பதிவாகியிருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டாண்மை ஆகியவைதான் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரத்துக்கு வழக்கமாகத் தகுதியானவை. பிரைவேட் லிமிடெட் தொடங்கிவிட்டால் ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காவிட்டாலும் ஆண்டுதோறும் தணிக்கை கட்டாயம். ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் அரசுக்குத் தரும் ஏஓசி-4, எம்ஜிடி-7 வகைப் படிவங்களைக் காலத்தில் தாக்கல் செய்யாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இரண்டையும் 150 நாள் மறந்தால் 30,000 ரூபாய் போய்விடும். கடலை மிட்டாய்ப் பட்டறை தரும் 500 ரூபாயில் அது 60 மாத வருமானம். எல்எல்பியில் விற்றுமுதல் 40 லட்சத்தையோ மூலதனம் 25 லட்சத்தையோ தாண்டும்வரை தணிக்கை கட்டாயமில்லை. ஆனால் பங்கு கொடுத்து முதலீடு வாங்கும் நாள் வந்தால் பிரைவேட் லிமிடெட்டாக மாற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, கடிகாரம். மத்திய சீட் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கும்போது நிறுவனத்துக்கு இரண்டு வயதுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஆர்வத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டிலேயே பதிவு செய்துவிட்டு, பொருள் தயாராகும்போது தகுதி இழந்து நின்ற இரண்டு குழுக்களை எனக்குத் தெரியும். அதற்காகப் பதிவே செய்யாமல் சொந்தப் பெயரில் வருடக்கணக்கில் ஓட்டுவதும் ஆபத்து. ஏற்கெனவே நடக்கும் தொழிலைப் பிரித்தோ மாற்றியமைத்தோ உருவாக்கிய நிறுவனத்துக்கு ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது என்பது விதி. எப்போது பதிவு செய்வது என்பதை ஒரு நல்ல ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, ஒன்றை வாங்கினால் இன்னொன்று தட்டிப்போகலாம். வேறு அரசுத் திட்டங்களில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் நிதியுதவி பெற்றிருந்தால் மத்திய சீட் ஃபண்டுக்குத் தகுதி இல்லை என்று அதன் விதி சொல்கிறது. 15 லட்சம் டான்சீட் வாங்கப் போகிறவர்கள் இதை எழுத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, பணம் தவணையாக வரும். சொன்ன வேலையை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை. நடுவில் வாடிக்கையாளர்கள் கேட்டது வேறாக இருந்தால், விண்ணப்பத்தில் எழுதிய பொருளைச் செய்வதா, வாடிக்கையாளர் கேட்கும் பொருளைச் செய்வதா என்ற இழுபறி வரும். அதனால்தான் வாங்குகிறவர் யார் என்று தெளிவாகத் தெரிந்த பிறகு விண்ணப்பிக்கச் சொல்கிறேன். காசு கொடுக்கும் பத்து வாடிக்கையாளர்களை வைத்துக்கொண்டு போகிறவருக்கு இது மிக நல்ல வழி. 3 சதவீதம் அநியாயமான விலை இல்லை. யோசனை மட்டும் இருக்கிறவருக்கு விண்ணப்பம் எழுதுவதே ஆறு மாத வேலையாகிவிடும்.

## மென்டர்

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. தவறான ஆள் கிடைத்தால் அதிகம் காயப்படுவதும் இதில்தான்.

மதுரையில் இரண்டு தம்பிகள் பூ மண்டி கமிஷன் கடைகளுக்கு ஒரு செயலி செய்தார்கள். விவசாயி கொண்டுவரும் பூவின் எடை, விலை, கமிஷன், பட்டுவாடா எல்லாம் அதில் இருந்தது. அழகான திரை. மூன்று மாதமாக ஒரு கடைகூட வாங்கவில்லை. அவர்களுக்கு மென்டராக வாய்த்தவர் ஐடிக்காரர் இல்லை, முப்பது வருடம் மண்டியில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் மூவரையும் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வரச் சொன்னார்.

ஈரச் சாக்கில் மல்லிகை வந்து இறங்கிக்கொண்டிருந்தது. தராசில் நிற்பவர் கை முழுக்க ஈரம். தம்பி போனை நீட்ட, அவர் விரலை வைத்தார், திரை நகரவில்லை. வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார், 4 அழுத்தினால் 7 விழுந்தது. அதற்குள் அடுத்த சாக்கு தராசில் ஏறிவிட்டது. அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எடையை உரக்கச் சொல்ல, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்த பையன் நோட்டில் எழுதினான். பெரியவர் தம்பிகளைத் தனியே கூட்டிப்போய், "எடை போடுறவன் எழுதமாட்டான், எழுதுறவன் எடை போடமாட்டான். நீங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்கிரீனைக் குடுத்திருக்கீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

செயலி எழுதுகிற பையனின் கைக்கு மாறியது. பெரிய எண்கள், வழக்கமாக வரும் விவசாயிகளின் பெயர்ப் பட்டியல் முன்கூட்டியே தயார். எடை போடுகிறவர் போனைத் தொட வேண்டியதே இல்லை. அடுத்த இரண்டு மாதத்தில் ஆறு கடைகள் காசு கொடுத்து வாங்கின. எந்த டெமோ மேடையிலும் அந்த ஒரு வரி கிடைத்திருக்காது.

அதனால், மென்டர் என்றால் உங்கள் வாடிக்கையாளரின் உலகத்தை உள்ளிருந்து அறிந்தவர் முதலில் வேண்டும். மென்பொருள் தெரிந்தவர், முதலீடு தெரிந்தவர் எல்லாம் அதற்குப் பிறகு. ஆள் தெரியாதவர்களுக்கு ஸ்டார்ட்அப் டிஎன்னின் மென்டார்டிஎன் தளம் இருக்கிறது, சென்னையிலும் கோவையிலும் தொழில்முனைவோருக்கான டை அமைப்பின் கிளைகள் இருக்கின்றன. ஆனால் மண்டிக்காரரை மண்டியில்தான் தேட வேண்டும்.

சரி, பங்கு? ஆலோசகருக்குக் கால் சதவீதத்திலிருந்து ஒரு சதவீதம்வரை, அதுவும் ஒரே நாளில் இல்லாமல் இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாகச் சேரும்படி கொடுப்பதுதான் ஸ்டார்ட்அப் உலகில் பரவலாக இருக்கும் வழக்கம். முதல் பேச்சிலேயே 5 சதவீதம் கேட்கிறவர் தப்பானவர் என்று நான் சொல்லவில்லை. அந்த எண் எதற்கு என்று கேளுங்கள். மாதத்தில் எத்தனை நாள், எந்தெந்த வாடிக்கையாளரிடம் கூட்டிப்போவார், ஆறு மாதத்தில் நின்றுவிட்டால் என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். எழுதும்போதே பாதி விஷயம் தெளிவாகிவிடும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு செலவு இருக்கிறது, யாரும் கணக்கில் எழுதாதது. வயதில் மூத்தவர், உறவுக்காரர், "சார்" என்று கூப்பிடுகிறோம். அவர் சொன்ன யோசனை சரிவராது என்று தெரிந்தாலும் மறுத்துப் பேச நாக்கு எழாது. அவர் சொன்னதற்காகவே மூன்று மாதம் செலவழித்து, வாடிக்கையாளர் கேட்காத ஒரு வசதியைச் செய்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நெருங்கிய உறவினரை மென்டராக வைக்காதீர்கள். வைத்தால், பங்கு இல்லாமல் மூன்று மாதம் பழகிப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் ஒரு முறையாவது "இல்லை மாமா, இது வேண்டாம்" என்று சொல்ல முடிந்ததா என்பதுதான் பரீட்சை.

## நண்பர் வட்டம், சமூகம், கூட்டு

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. காசும் வராது, சான்றிதழும் வராது. ஆனால் தமிழ்நாட்டில் மென்பொருள் தொழில் வளர்ந்த கதையில் இதற்குப் பெரிய இடம் இருக்கிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் பைத்தான் நண்பர்களும் மாதாமாதம் கூடுவது பல ஆண்டு வழக்கம். விழுப்புரத்தில் க்னு/லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் சொல்லிக்கொடுக்கிறது. இணையவழி மென்பொருள் நிறுவனர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கும் சாஸ்பூமியின் தொடக்கமும் சென்னையில்தான், 2015-இல் சாஸ்எக்ஸ் என்ற பெயரில். கடல் தாண்டினால் யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப். போர் முடிந்த ஊரில், தன்னார்வலர்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. 'யாழ் கீக் சேலஞ்ச்' என்ற போட்டி வழியாக இளைஞர்களை யோசனையிலிருந்து பொருள்வரை கூட்டிப்போகிறார்கள். வெளியிலிருந்து யாராவது வந்து செய்யட்டும் என்று காத்திருக்காமல் தங்கள் ஊருக்குத் தாங்களே செய்துகொண்டார்கள். எனக்கு அவர்கள்மேல் மிகுந்த மரியாதை.

இதில் கிடைப்பது என்ன? பேமென்ட் கேட்வே ஏன் மறுக்கிறது, ஜிஎஸ்டி எப்போது எடுப்பது, எந்த ஆடிட்டர் போன் எடுப்பார், பாக்கி வைக்கும் வாடிக்கையாளரை எப்படிக் கேட்பது போன்ற அன்றாடச் சிக்கல்களுக்கு, போன வாரம் அதே சிக்கலில் இருந்தவரே பதில் சொல்வார். மென்டருக்கு அது பத்து வருடத்துக்கு முந்தைய கதை.

அப்புறம் கூட்டு வேலை. பில்லிங் மென்பொருள் செய்கிறவரும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் சேவை செய்கிறவரும் ஒரே கடைக்காரரிடம் சேர்ந்து போகலாம். நான்கு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு டிசைனருக்கு முழுச் சம்பளம் கொடுக்கலாம். தனித்தனியாக யாருக்கும் அது கட்டாது. ஆனால் இரவு பத்து மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டால் யார் எடுப்பது, பணம் யார் பில்லில் வரும், பிரிந்தால் வாடிக்கையாளர் யாருக்கு என்ற மூன்றையும் நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள். சண்டை வந்த பிறகு எழுத முடியாது.

செலவு இதிலும் உண்டு. கூட்டத்தை நடத்துகிற ஒருவர் ஓய்ந்துபோனால் வட்டமே கலைந்துவிடும். பேசிப் பேசியே ஞாயிறுகள் போய்விடும். எல்லாரும் ஒரே நிலையில் இருந்தால் யாருக்கும் வழி தெரியாது, அதனால் ஒரு படி முன்னால் இருக்கும் இருவரையாவது வட்டத்துக்குள் அழைத்து வர வேண்டும். யோசனையைத் திருடிவிடுவார்கள் என்ற பயத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. கடலை மிட்டாய்ப் பட்டறையில் ஆறு மாதம் உட்கார்ந்து கற்றதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் யாரும் திருட முடியாது.

## ஊரை விட்டுப் போவது

சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ஆக்சிலரேட்டரில், அதாவது ஸ்டார்ட்அப்பைச் சில மாதங்களில் வேகமாக வளர்க்கும் பயிற்சித் திட்டத்தில், சேரட்டுமா என்றும் கேட்கிறார்கள். வாடிக்கையாளர் அங்கே இருந்தால் போங்கள். உங்கள் வாடிக்கையாளர் கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் இருக்கும்போது, பெருநகரத்தில் கட்டும் வாடகை வாடிக்கையாளரைவிட்டு விலகி இருப்பதற்குக் கொடுக்கும் விலைதான். தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ 2011-லிருந்து அலுவலகம் நடத்துகிறது. நல்ல மென்பொருள் எழுத ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற பேச்சுக்கு அதுவே போதுமான பதில்.

## ஒரு பார்வையில்

| | கல்லூரி இன்குபேட்டர் | அரசு நிதி | மென்டர் | நண்பர் வட்டம் |
|---|---|---|---|---|
| வாடிக்கையாளர் கிடைப்பாரா | அரிது | நேரடியாக இல்லை | துறை அறிந்தவர் என்றால் விரைவில் | ஓரளவு, கூட்டு வேலை வழியாக |
| பணம் | விதைநிதிக்கு வாசல் | 10–15 லட்சம் (டான்சீட்) | இல்லை | இல்லை |
| போகும் பங்கு | 2–9.5% அல்லது வாடகை | 3% (டான்சீட்) | 0.25–1% வழக்கம் | இல்லை |
| மறைந்த செலவு | டெமோக்கள், நேரக் கட்டுப்பாடு | தணிக்கை, படிவங்கள், காத்திருப்பு | மறுக்க முடியாத கூச்சம் | ஞாயிறுகள், கலைந்துபோகும் அபாயம் |
| விலகுவது | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | கடினம் | எழுதி வைத்தால் எளிது | எளிது |
| எப்போது சிறந்தது | ஆய்வகம் தேவைப்படும்போது | வாங்குகிறவர் யார் என்று தெரிந்த பிறகு | விற்க முடியாமல் நிற்கும்போது | முதல் நாளிலிருந்தே |

## கோவில்பட்டித் தங்கைக்கு

அவளோடு உட்கார்ந்து முதலில் ஒரு கணக்குப் போட்டேன். இன்குபேட்டருக்கு 4, உறவினருக்கு 5, டான்சீட்டுக்கு 3. எல்லாவற்றுக்கும் சரி என்றால் 12 சதவீதம் போய்விடும், வெளி முதலீட்டாளர் ஒருவர்கூட வருவதற்கு முன்பே. 10 லட்சத்துக்கு 3 சதவீதம் என்று அரசு மதிப்பிட்டால் நிறுவனத்தின் மொத்த மதிப்பு சுமார் 3.33 கோடி ரூபாய். அந்தக் கணக்கில் 4 சதவீதத்தின் மதிப்பு 13 லட்சத்துக்கு மேல். வெளியே மாதம் 5,000 ரூபாய் வாடகைக்கு ஒன்றரை வருடம் இடம் எடுத்தாலும் 90,000தான். இன்று அவள் நிறுவனத்துக்கு 3.33 கோடி மதிப்பு இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பின்னால் அந்த மதிப்பு வரும்போது மேசைக்காகக் கொடுத்த பங்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று காட்டவே இந்தக் கணக்கு.

இன்குபேட்டரிடம் வாடகை முறை உண்டா என்று கேள், இல்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். உறவினரிடம் மூன்று மாதம் பங்குப் பேச்சே இல்லாமல் பழகு. அதற்கு முன், பட்டறைக்காரர்களில் கணக்கு வழக்கு தெரிந்த ஒரு பெரியவரைத் தேடு. காசு கொடுக்கும் அந்த ஒருவரிடமே கேட்டால், யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்வார். ஞாயிறு வட்டத்தை விடாதே. இலவசமாக ஓட்டும் மூவரிடமும் அடுத்த மாதத்திலிருந்து 300 ரூபாயாவது கேள். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்.

பத்துப் பட்டறை காசு கொடுக்கத் தொடங்கியதும் ஆடிட்டரிடம் போய் பிரைவேட் லிமிடெட் பதிவு, ஸ்டார்ட்அப் அங்கீகாரம், அதன் பிறகு டான்சீட். பெண்கள் நடத்தும் நிறுவனம் என்பதால் 15 லட்சம்வரை வாய்ப்பு இருக்கிறது.

நேற்று மறுபடி கூப்பிட்டாள். மூவரில் இருவர் 300 ரூபாய்க்குச் சம்மதித்துவிட்டார்கள். மூன்றாமவர் மறுத்துவிட்டார். வெல்லத்தின் விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறதாம், பழைய இருப்பையும் புதிய இருப்பையும் செயலி ஒரே விலையில் காட்டுவதால் லாபக் கணக்கு தப்பாக வருகிறது என்றாராம். அவள் அதை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். வரும் ஞாயிறு வட்டத்தில் அதைத்தான் பேசப் போகிறார்கள்.